ஒரு பனைக்கு ஒரு வசனம்

வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப கையில ரெண்டு சாமான் இருக்கும், ஒண்ணு வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் அச்சடிச்ச அட்டை, இன்னொண்ணு ஒரே வருஷத்துல பைபிளை முடிக்கிற அட்டவணை. மொத்தம் 66 புஸ்தகம், 1189 அதிகாரம், தினம் மூணு, ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சுன்னு போனா கணக்கு வருஷத்துக்குள்ள முடிஞ்சு மிச்சமே இருக்கும். கேக்க ஈசியாதான் இருக்கு. ஆதியாகமம் ஜாலியா போகும், யாத்திராகமத்துல செங்கடல் தாண்டுற வரைக்கும் படம் பாக்குற மாதிரி இருக்கும், அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்துக்கு எத்தனை பலகை எத்தனை கொக்கின்னு ஆரம்பிச்சு ஜனவரி கடைசி வாரத்துல லேவியராகமம் வந்து நிக்கும் பாருங்க, அங்க வண்டி ஆஃப் ஆயிடும். இது எனக்கு மட்டும் இல்ல, எங்க சபையில பாதி பேருக்கு இதே கதைதான், யாரும் வெளிய சொல்றது இல்ல அவ்வளவுதான்.

ஒரே ஒரு வருஷம் முடிச்சேன். டிக் அடிச்சு டிக் அடிச்சு டிசம்பர்ல முடிச்சேன், பெருமை தாங்கல. அந்த வருஷம் அக்டோபர் ஆரம்பத்துல ஒருநாள் என் பொண்ணு சண்டே ஸ்கூல் வினாடி வினாவுக்கு படிச்சிட்டு இருந்தவ திடீர்னு "அப்பா, ஆபகூக் எதுக்குப்பா கடவுள்கிட்ட சண்டை போடுவாரு"ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணுமே வரல. அட்டவணையை எடுத்து பாத்தா நாலு நாளைக்கு முன்னாடிதான் ஆபகூக் மூணு அதிகாரத்துக்கும் டிக் போட்டிருக்கேன், நல்ல அழுத்தமான டிக் வேற. கண்ணு ஓடியிருக்கு, நான் அங்க இல்லவே இல்ல.

இந்த பதிவு அதுக்கு அப்புறம் நடந்ததை பத்தி. வேத தியானம்னு பெரிய வார்த்தை போட்டா நான் ஏதோ பெரிய ஆளுன்னு நினைச்சிடுவீங்க, அதனால முதல்லயே சொல்லிடுறேன், இன்னைக்கும் வாரத்துல ரெண்டு நாள் நான் முழங்கால்லயே தூங்கிடுவேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது மாடியில ஒரு அக்கா இருக்காங்க, கத்தோலிக்கர். நாங்க சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. அவங்க ஜெபத்தை செபம்னு எழுதுவாங்க, நாங்க கர்த்தர்னு சொல்ற இடத்துல ஆண்டவர்னு படிப்பாங்க, நாங்க லெந்து நாள்னு சொல்றது அவங்களுக்கு தவக்காலம். மத்தபடி சாம்பார் ஒண்ணுதான். ஒரு லெந்து நாள்ல அவங்க வீட்டுல அன்பியக் கூட்டம், அன்பியம்னா கத்தோலிக்க பங்குல பத்து இருபது குடும்பம் சேந்து ஒரு குழுவா கூடுறது, என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டாங்க. மரியாதைக்கு போனோம். வேதபாடம் மாதிரி யாராவது ஒரு மணி நேரம் பேசுவாங்க, காபி குடிச்சிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். ஆனா யாருமே பேசல. ஒரு பொண்ணு எழுந்து நற்செய்தியில ஒரு சின்ன பகுதியை மெதுவா வாசிச்சா. அமைதி. அப்புறம் ஒரு பெரியவர் "காற்று"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு, கொஞ்சம் விட்டு அதையே மறுபடி சொன்னாரு, மூணாவது தடவையும் சொன்னாரு. அப்புறம் இன்னொருத்தர் "ஏன் பயப்படுகிறீர்கள்"னு சொன்னாங்க, அதையும் மூணு தடவை. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, நிஜமா. மனைவி முழங்கையால இடிச்சா. ஆனா அஞ்சு நிமிஷம் கழிச்சு கடல்ல படகு ஆடுறது எனக்கு வயித்துல தெரிஞ்சுச்சு, அதை எப்படி சொல்றதுன்னே தெரியல.

அது ஏழு படி முறையாம், தென்னாப்பிரிக்காவுல லும்கோன்னு ஒரு கத்தோலிக்க மையத்துல உருவாக்கினது, அங்கிருந்து ஆசியா முழுக்க இந்த மாதிரி சின்ன குழுக்களுக்கு பரவியிருக்கு. ஆண்டவரை அழைக்கிறது, வாசிக்கிறது, மனசுல தைச்ச வார்த்தையை சத்தமா திரும்ப சொல்றது, அமைதியா இருக்கிறது, பகிர்ந்துக்கிறது, நாம என்ன செய்யணும்னு பேசுறது, ஜெபிக்கிறது. இதுல மூணாவதுதான் என்னை பிடிச்சுக்கிச்சு. வார்த்தையை வாயில வச்சுக்கிறது.

ஏன்னா அதை நான் முன்னாடியே கேள்விப்பட்டிருக்கேன். எங்க ஊரு சாத்தான்குளம் பக்கம், தேரி மண்ணு. தாத்தா பனையேறி. எழுதப் படிக்க தெரியாது, கையெழுத்து கூட கட்டைவிரல்தான். ராத்திரி கோயில்ல உபதேசியார் வாசிக்கிற வேதபாகத்துல இருந்து ஒரு வசனத்தை பிடிச்சுக்குவாராம், மறுநாள் விடியக்காலம் பனைக்கு போறப்ப அந்த வசனத்தை சொல்லிக்கிட்டே ஏறுவாராம். ஒரு பனைக்கு ஒரு தடவைன்னு இல்ல, ஏறி பாளையை சீவி கலயத்தை மாத்தி இறங்குற வரைக்கும் அதே வசனம். காலையில நாப்பது பனை, சாயங்காலம் மறுபடி அதே நாப்பது. சத்தம் வர்ற திசையை வச்சே எந்த பனையில நிக்காருன்னு சொல்லிருவேன்னு ஆச்சி சொல்லுவா. எனக்கு அப்ப அது வெறும் கதை. பாட்டு பாடிக்கிட்டே வேலை செய்யிற மாதிரி அலுப்பு தெரியாம இருக்க சொல்றாருன்னு நினைச்சேன்.

அப்புறம் ஒருநாள் முதலாம் சங்கீதத்துக்கு ஒரு விளக்கம் படிச்சப்ப தூக்கி வாரிப் போட்டுச்சு. "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்"னு நாம மனப்பாடமா சொல்றோமே, அந்த தியானத்துக்கு எபிரேயத்துல இருக்கிற சொல்லு ஹாகா. அதோட அர்த்தம் கண்ணை மூடி உக்காருறது இல்ல. முணுமுணுக்கிறது, வாய்க்குள்ள சத்தம் போடுறது. ஏசாயாவுல சிங்கம் இரையை பிடிச்சு வச்சுக்கிட்டு உறுமுதே, அதுக்கும் இதே சொல்லு. எசேக்கியா ராஜா வியாதியில கிடந்து "புறாவைப்போல் புலம்பினேன்"னு சொல்றாரே, அங்கயும் இதே சொல்லு. யோசுவாவுக்கு கர்த்தர் சொன்னது கூட அப்படித்தான், நியாயப்பிரமாண புஸ்தகம் உன் மனசை விட்டு பிரியாதிருப்பதாகன்னு சொல்லல, "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக"ன்னுதான் இருக்கு. எத்தனை தடவை மனப்பாடப் போட்டியில இதை ஒப்பிச்சு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருப்பேன், வாயைன்னு இருக்கிறதை ஒருநாளும் கவனிச்சதே இல்ல. தாத்தா செஞ்சதுதான் ஹாகா. எழுத்து தெரியாத மனுஷன் பனை உச்சியில அதை பண்ணிட்டு இருந்திருக்காரு, நான் கீழ உக்காந்து அட்டவணையில டிக் அடிச்சிட்டு இருந்திருக்கேன்.

இன்னொண்ணு இருக்கு, இது இன்னும் உறைக்கும். ரெண்டாம் சங்கீதம் முதல் வசனம் "ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்"னு வருதுல்ல, அந்த சிந்திக்கிறதும் அதே ஹாகாதான். அப்ப ஒரே வேலைதான், எதை வாயில போட்டு மெல்லுறோம்ங்கறதுதான் வேற. இதை படிச்சப்ப எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா எனக்கு தியானம் பண்ண வராதுன்னு நான் சொல்லவே முடியாது. ஆஃபீஸ்ல ஒருத்தன் மீட்டிங்ல என்னை பத்தி சொன்ன ஒரு வாக்கியத்தை நான் ஏழு மாசம் தியானிச்சிருக்கேன், பைக் ஓட்டுறப்ப, குளிக்கிறப்ப, இரவும் பகலும், ஒவ்வொரு தடவையும் அவனுக்கு இன்னும் நல்ல பதில் ஒண்ணு கண்டுபிடிப்பேன். அசைபோடுறதுன்னு தமிழ்ல சொல்றோமே, மாடு தின்னதை மறுபடி வாய்க்கு கொண்டு வந்து மெல்லுறது, அந்த திறமை எனக்கு பிறவியிலேயே இருக்கு. போடுற தீனிதான் தப்பு.

அதுக்கப்புறம் இதை கொஞ்சம் தேடித் தேடி படிச்சேன். பழைய காலத்துல வாசிக்கிறதே பெரும்பாலும் சத்தமாத்தானாம். அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உக்காந்து ஏசாயா படிக்கிறாரு, பிலிப்பு ஓடி வந்து அவர் வாசிக்கிறதை "கேட்டு"த்தான் பேச்சை ஆரம்பிக்கிறாரு, மனசுக்குள்ள படிச்சிருந்தா அந்த மனுஷன் ஞானஸ்நானம் இல்லாமலே ஊருக்கு போயிருப்பாரு. அம்புரோஸ் பேராயர் உதடு அசையாம படிக்கிறதை பாத்து அகுஸ்தீன் அதை ஒரு விஷயமா எழுதி வச்சிருக்காரு, நாலாம் நூற்றாண்டுல அவர் கண்ணுக்கு அது தனியா தெரிஞ்சிருக்கு. ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட் மடத்துக்கு எழுதின சட்டத்துல 48வது அதிகாரம் எனக்கு ரொம்ப பிடிச்சது. இத்தனை மணி நேரம் கை வேலை, இத்தனை மணி நேரம் வாசிப்புன்னு பிரிச்சு போட்டுட்டு, மதியம் சாப்பிட்டு எல்லாரும் படுத்திருக்கப்ப யாராவது படிக்கணும்னா மத்தவங்களுக்கு தொந்தரவு இல்லாம படிங்கன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா எல்லாரும் சத்தமாத்தான் படிச்சிருக்காங்க. லெந்து நாள்ல வாசிப்பு நேரத்துல ஒண்ணு ரெண்டு பெரியவங்க சுத்தி வரணும், எவனாவது படிக்காம கதை அளந்துட்டு இருக்கானான்னு பாக்கணும்னு வேற இருக்கு. 1500 வருஷமா பிரச்சினை ஒண்ணுதான், அப்ப செல்போன் இல்ல.

பன்னிரண்டாம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல கார்த்தூசியன் மடத்துல கீகோன்னு ஒரு துறவி, ஒரு நண்பருக்கு கடிதம் மாதிரி எழுதினதுலதான் இது நாலு படி ஏணியா வருது. வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியா பேச்சே இல்லாம இருக்கிற நிலை. அவர் சொல்ற உவமை சாப்பாடுதான், வாசிப்பு கவளத்தை வாயில வைக்குது, தியானம் மெல்லுது, ஜெபம் ருசியை எடுக்குது, கடைசி படி அந்த இனிப்பேதான். இப்ப லெக்சியோ திவினான்னு சொல்றது இதைத்தான், 2010ல போப் பதினாறாம் பெனடிக்ட் எழுதின மடல்ல இந்த நாலோட செயல்னு ஒண்ணையும் சேத்து சொல்லியிருப்பாரு, தியானம் பண்ணவன் எழுந்து போய் ஏதாவது செய்யணும்ல.

இதெல்லாம் கத்தோலிக்க முறை நமக்கு எதுக்குன்னு எங்க சபையில ஒரு அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான், நான் கோபப்படல. அவருக்கு நம்ம புராட்டஸ்டண்ட் பக்கத்து லூத்தரையே காட்டினேன். 1535ல லூத்தர் தன்னோட முடி வெட்டுற பீட்டருக்கு, எப்படி ஜெபிக்கிறதுன்னு கேட்டவருக்கு, ஒரு சின்ன புஸ்தகமே எழுதிக் குடுத்தாரு. பத்துக் கட்டளையில ஒரு கட்டளையை எடுத்துக்கோ, அதை நாலு இழையா பிரிச்சு மாலையா பின்னு, முதல் இழை இது எனக்கு என்ன கத்துக் குடுக்குது, ரெண்டாவது இதுக்காக நன்றி, மூணாவது இதுல என் பாவ அறிக்கை, நாலாவது ஜெபம். நாவிதன் கத்தியில கண்ணு வைக்கணும், பேசிக்கிட்டே இருந்தா வாயையோ மூக்கையோ அறுத்துடுவான், ஜெபத்துலயும் மனசு அங்க இங்க போகாம அப்படி இருக்கணும்னு அவருக்கு புரியிற மாதிரியே சொல்லியிருப்பாரு. இந்த பீட்டர் அதே வருஷம் ஈஸ்டர் சமயத்துல குடிபோதையில தன் மருமகனையே கத்தியால குத்திட்டாரு, செத்துப்போனான், லூத்தர் எல்லாம் பரிஞ்சு பேசினதால உசுரு தப்பிச்சு ஊரை விட்டு போக வேண்டியதாயிடுச்சு. ஜெபிக்கிறது எப்படின்னு உலகத்துலயே நல்ல புஸ்தகம் தன் பேருக்கு வாங்கின மனுஷன். இதை நினைச்சா எனக்கு ஏனோ ஆறுதலாவும் இருக்கும், பயமாவும் இருக்கும்.

இன்னொருத்தர் தியானம்னா மனசை காலி பண்றது, காலியான வீட்டுக்குள்ள என்ன வேணா வரும்னு சொன்னாரு. இதுல காலியே பண்றது இல்லைங்க. வீடு முழுக்க ஒரே ஒரு வார்த்தையை கொண்டு வந்து வைக்கிறோம், மத்த சாமான் வைக்க இடம் இல்லாம போகுது. "நாள் முழுதும் அது என் தியானம்"னு 119ம் சங்கீதம் பாடினவர் 176 வசனத்துக்கு அதையேதான் சுத்தி சுத்தி வர்றாரு. ஈசாக்கு சாயங்காலம் தியானம் பண்ண வெளிய போனாரு, கண்ணை ஏறெடுத்து பாத்தா ஒட்டகத்துல பொண்ணு வருது. தியானத்தால கெட்டுப்போனவங்கன்னு பைபிள்ல யாரும் இருக்கிற மாதிரி தெரியல.

சரி, தனியா நான் எப்படி பண்றேன்னு கேட்டா, காலையில அஞ்சே கால், பால்கனியில ஒரு பிளாஸ்டிக் சேர். அச்சடிச்ச பைபிள்தான், போன்ல இருக்கிற பைபிள் ஆப் நல்லதுதான் ஆனா வசனத்துக்கு மேல பால்காரர் மெசேஜ் வந்து உக்காந்துக்கும். பத்து பன்னெண்டு வசனம், அதுக்கு மேல இல்ல. முதல் தடவை உதடு அசைய வாசிப்பேன், ரெண்டாவது தடவை இன்னும் மெதுவா, எங்கயாவது ஒரு வார்த்தை காலை தட்டிவிடும், அங்க நின்னுடுவேன். தட்டிவிடலைன்னா மூணாவது தடவை. அதுலயும் ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லதான், ஏதாவது கிடைச்சே ஆகணும்னு பிடிச்சு இழுத்தா நாமளா கற்பனை பண்ண ஆரம்பிச்சிடுவோம், அது இன்னும் மோசம். வார்த்தை கிடைச்சா அதை ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு, அப்புறம் அதை பத்தி அவர்கிட்டயே பேசுவேன். கடைசியில கொஞ்ச நேரம் சும்மா. இந்த சும்மாதான் கஷ்டம், அந்த நேரத்துலதான் கேஸ் புக் பண்ணலைன்னு ஞாபகம் வரும். கேஸ் புக் பண்ணணும்னு நோட்டு ஓரத்துல எழுதிட்டு திரும்பி வந்துடுவேன், சண்டை போடுறது இல்ல. அப்புறம் அந்த வார்த்தையை பைக்ல ஹெல்மெட்டுக்குள்ள சொல்லிக்கிட்டே போவேன், சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு. எனக்கு பனை கிடையாது, பல்லாவரம் சிக்னல்தான்.

ஒரு வருஷம் இப்படி நல்லா போச்சு. அப்புறம் நோட்டை ஒருநாள் முதல்லேருந்து புரட்டினேன். எல்லா பக்கத்துலயும் ஒரே மாதிரி வார்த்தைங்க. சமாதானம், இளைப்பாறுதல், பயப்படாதே, உன்னோடே இருக்கிறேன், திரும்பவும் சமாதானம். சுவிசேஷம் முழுக்க போயிருக்கேன், ஆனா "நீயும் போய் அந்தப்படியே செய்"ங்கறது ஒரு தடவை கூட என் காலை தட்டல, "உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்று"ங்கற பக்கத்தை நான் நல்ல வேகத்துல தாண்டியிருக்கேன். ஆவியானவர் எனக்கு பேசுறாருன்னு நினைச்சுட்டு இருந்தேன், பாதிக்கு மேல பேசினது நான்தான்.

அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். எரேமியா 29:11, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படின்னு வர்ற வசனம், பாதி கிறிஸ்தவ வீட்டுல சுவத்துல தொங்கும். ஃப்ரிட்ஜ்ல ஒட்டி தினம் தியானிச்சேன், எதிர்பார்த்த முடிவுன்னா எனக்கு அப்ப புரமோஷன். முந்தின வசனத்தை என் மனைவிதான் வாசிச்சு காட்டினா, "பாபிலோனில் எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு"ன்னு இருக்கு. எழுபது வருஷம்! அந்த கடிதத்தை முதல்ல கேட்ட பெரியவங்க பாதி பேரு அந்த முடிவை பாக்காமலே பாபிலோன்லயே கண்ணை மூடியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி அஞ்சாவது வசனத்துல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு அந்நிய ஊர்லயே குடும்பம் நடத்த சொல்லியிருக்கு, அதை எந்த அட்டையிலயும் அடிக்க மாட்டாங்க. மெல்லுறதுக்கு முன்னாடி இது எந்த வயல்ல விளைஞ்சதுன்னு ஒரு பார்வை பாக்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, மேல ஒரு அதிகாரம் கீழ ஒரு அதிகாரம் படிச்சிட்டு உக்காந்தா போதும்.

அதனாலதான் கூட ஆள் வேணும்னு முடிவு பண்ணோம். ரெண்டாவது மாடி அக்கா, எங்க ரெண்டு பேரு, எதிர் பிளாக்ல ரிட்டயர்ட் டீச்சர் அம்மா, அவங்க தம்பி, காலேஜ் படிக்கிற ஒரு பையன், புதுசா குடி வந்த ஒரு தங்கச்சி, ஏழு பேரு. வியாழக்கிழமை ராத்திரி ஏழரை, வீடு மாத்தி மாத்தி. டீ மட்டும்தான், பலகாரம் கூடாதுன்னு சட்டம் போட்டோம், ஏன்னா பலகாரம் வந்தா போட்டி வரும். ஒரே பகுதியை மூணு பேரு மூணு தடவை வாசிக்கணும், முடிஞ்சா ஒரு பெண் குரல் ஒரு ஆண் குரல். முதல் வாசிப்புக்கு அப்புறம் ஆளுக்கு ஒரு வார்த்தை, விளக்கம் கிடையாது. ரெண்டாவதுக்கு அப்புறம் ஆளுக்கு ஒரு வாக்கியம், "எனக்கு"ன்னுதான் ஆரம்பிக்கணும், "நாம எல்லாரும்"னு ஆரம்பிச்சா அது பிரசங்கம். மூணாவதுக்கு அப்புறம் வலது பக்கத்துல இருக்கிறவருக்காக சின்ன ஜெபம். பேச பிடிக்கலைன்னா "தாண்டிக்கிறேன்"னு சொல்லலாம், ஏன்னு யாரும் கேக்கக் கூடாது.

மூணாவது வாரம் பர்திமேயு, வழியோரத்துல இருந்து இயேசுவை கூப்பிட்ட கண்ணு தெரியாத பிச்சைக்காரன், மாற்கு 10. நான் வீட்டுலயே தியானிச்சிட்டு தயாரா வந்திருந்தேன், என் வார்த்தை "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்". வழக்கம் போல எனக்கு என்ன கிடைக்கும்ங்கற இடம். டீச்சர் அம்மா முறை வந்தப்ப "அதட்டினார்கள்"னு சொன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டாவது சுத்துல, எனக்கு நாப்பது வருஷ சர்வீஸ்ல எத்தனை பிள்ளைங்களை வாயை மூடுன்னு அதட்டியிருப்பேன், அதுல எது பர்திமேயுன்னு தெரியலையேன்னு சொல்லிட்டு கண்ணாடியை கழட்டி துடைச்சுக்கிட்டாங்க. காலேஜ் பையன் சொன்ன வார்த்தை "மேல்வஸ்திரம்". பிச்சைக்காரனுக்கு அதுதான் போர்வை, காசு விழுறதும் அதுலதான் இருக்கும், இன்னும் கண்ணு தெரியாதப்பவே அதை தூக்கி எறிஞ்சிட்டானே, திரும்ப தேடினா எப்படி எடுப்பான்னு கேட்டான். நான் அந்த பகுதியை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன், ரெண்டு பிரசங்கம் கூட செஞ்சிருக்கேன். அந்த போர்வையை நான் பாத்ததே இல்ல. அதட்டினவங்களையும் பாத்தது இல்ல, ஏன்னா பாத்திருந்தா அந்தக் கூட்டத்துல நான் எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்ட அன்னைக்கு சாயங்காலம் அதட்டினதுக்கு ஸாரி சொன்னேன், அவ "எப்ப அதட்டினீங்க"ன்னு கேட்டா, அவளுக்கு பழகிப்போச்சு போல.

குழுன்னா தேனும் பாலும்னு நினைக்காதீங்க. ஒரு வாரம் ஒருத்தர் விருந்தாளியா வந்து முதல் வாசிப்பு முடிஞ்சதும் கிரேக்க மூலத்துலன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் விடல. (நானும் மேல ஹாகா ஹாகான்னு ஒரு பத்தி எழுதியிருக்கேன், தெரியுது.) அதெல்லாம் சிரிச்சிட்டு போயிடலாம். சிரிக்க முடியாதது ஒண்ணு நடந்துச்சு. அந்த புதுசா வந்த தங்கச்சி ஒரு வியாழக்கிழமை தன் கல்யாண வாழ்க்கையை பத்தி ரெண்டு வாக்கியம் சொன்னா, அழுதா, நாங்க ஜெபிச்சோம். நாலு நாள்ல அது வேற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஜெபக்குறிப்பா வந்துடுச்சு. பேர் போடல, ஆனா எந்த பிளாக்குன்னு போட்டிருந்தாங்க, அப்புறம் பேர் எதுக்கு. நம்ம சபைகள்ல ஜெபக்குறிப்புங்கற பேர்ல நடக்கிற வம்பு இருக்கே, அதுக்கு கீழ எல்லாரும் ஆமென்னு வேற போட்டிருந்தாங்க, பதினாலு ஆமென். எங்க ஏழு பேருல யாரோ ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்காங்க, அதுதான் இன்னும் கோபம். அவ வர்றதை நிறுத்திட்டா. லிஃப்ட்ல பாத்தா தலையை குனிஞ்சுக்குவா. நாங்களும் மூணு மாசம் கூடல, கூடுறதுக்கு முகம் இல்ல.

மூணு மாசம் கழிச்சு டீச்சர் அம்மாதான் அவ வீட்டுக்கு தனியா போயிட்டு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு எங்ககிட்ட சொல்லல, நாங்களும் கேக்கல. மறுபடி ஆரம்பிச்சப்ப ஒரே ஒரு சட்டம் சேத்தோம், இந்த ரூம்ல கேட்டது ஜெபமா கூட வெளிய போகக்கூடாது. அன்பிய அக்கா இதுக்கு மரியாளோட வசனத்தை சொன்னாங்க, "அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்"னு லூக்கா எழுதியிருக்காரே, மேய்ப்பர்கள் போய் ஊர் முழுக்க சொல்றாங்க, அவ மட்டும் வச்சுக்கிட்டா. எங்க சபையில மரியாளை பத்தி பேச்சு வந்தாலே கொஞ்சம் தயங்குவாங்க, அன்னைக்கு நான் தயங்கல.

இப்ப எனக்கு காலையில பால்கனியும் வேணும், வியாழக்கிழமையும் வேணும்னு ஆயிடுச்சு. ஒரு வாரம் காலையில உக்காராம வியாழன் மட்டும் போனா என் வாயில வார்த்தையே இருக்காது, மத்தவங்க சொல்றதை கேட்டுட்டு அழகா ஒண்ணு ஜோடிச்சு சொல்லிடுவேன், யாருக்கும் தெரியாது, எனக்கு தெரியும். ஒரு மாசம் வியாழன் போகலைன்னா நோட்டுல மறுபடி சமாதானம் சமாதானம்னு வரிசையா வர ஆரம்பிச்சிடும்.

இந்த வியாழன் எங்க வீட்டுல. போன வாரம்தான் அந்த தங்கச்சி திரும்பி வந்தா, கடைசி சேர்ல உக்காந்தா, மூணு சுத்துலயும் "தாண்டிக்கிறேன்"னா. கிளம்புறப்ப செருப்பை போட்டுக்கிட்டே அடுத்த வாரம் சங்கீதம் 88 எடுக்கலாமா, முதல் வாசிப்பு நான் வாசிக்கிறேன்னு கேட்டா. நான் வீட்டுக்குள்ள வந்து எடுத்து பாத்தேன். மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசியில எப்படியாவது நம்பிக்கையிலயோ துதியிலயோ வந்து முடியும், இது முடியாது, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்"னு அப்படியே நிக்குது. இந்த வாரம் முழுக்க ஹெல்மெட்டுக்குள்ள அதான் ஓடிட்டு இருக்கு. எட்டு பேரு வருவாங்க போல, சேர் ரெண்டு குறையுது, ரெண்டாவது மாடியில கேக்கணும்.